யாரைக் கேட்டு எழுதினார்கள்? சமயம் சாராத அறநெறிக் கையேடுகள் குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

1883 நவம்பர் 17 அன்று பிரான்சின் கல்வி அமைச்சர் ஜூல் ஃபெரி நாட்டின் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் அனைவருக்கும் ஒரு கடிதம் எழுதினார். அதற்கு ஒன்றரை ஆண்டுகளுக்கு முன், 1882 மார்ச் 28இல், ஒரு சட்டம் நிறைவேறியிருந்தது. அரசுப் பள்ளிகளின் பாடத்திட்டத்திலிருந்து சமயக் கல்வியை நீக்கி அந்த இடத்தில் அறநெறிக் கல்வியையும் குடிமைக் கல்வியையும் வைத்த சட்டம் அது. ஞாயிறு நீங்கலாக வாரத்தில் இன்னொரு நாளும் பள்ளிக்கு விடுமுறை. விரும்பும் பெற்றோர் அன்று பள்ளிக்கு வெளியே பிள்ளைகளுக்குச் சமயப் பாடம் கற்பித்துக்கொள்ளலாம். சட்டம் வந்துவிட்டது. ஆனால், நேற்றுவரை வேதாகமக் கதையும் வினாவிடையும் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் இன்று வகுப்பின் முன்னால் நின்று எதைச் சொல்வது?

ஃபெரி ஒரு சோதனையைப் பரிந்துரைத்தார். ஒரு நெறியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுமுன், ஒரு குடும்பத் தலைவர் வகுப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணிப் பாருங்கள். நீங்கள் சொல்வதற்கு நேர்மையான ஒரு தகப்பன் ஒப்ப மறுப்பார் என்றால் சொல்லாதீர்கள். மறுக்கமாட்டார் என்றால் துணிந்து சொல்லுங்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்கும்படி அவர் ஆசிரியர்களைக் கேட்கவில்லை. தாய்தந்தையரிடமிருந்து வழிவழியாக வந்த நல்லொழுக்கத்தையே கற்பிக்கச் சொன்னார்.

சமயம் சாராத அறநெறிக் கையேடு ஒன்றை எழுத முனையும் எவரும் இந்தக் கடிதத்தின் முன் சற்று நிற்க வேண்டும். கடவுளின் ஆணை என்றோ வேதத்தின் வாக்கு என்றோ சொல்ல இயலாத இடத்தில் ஒரு நெறிக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு ஃபெரி நேரடியான விடை தந்தார்: கேட்பவரின் ஒப்புதலிலிருந்து. இக்கட்டுரை அந்த விடையை ஏற்றுக்கொண்டு அதன் விளைவுகளைச் சோதிக்கிறது. ஒப்புதல்தான் அடிப்படை என்றால், யாருடைய ஒப்புதல் கேட்கப்பட்டது, யார் கேட்கப்படவே இல்லை என்பது கையேட்டின் தரத்தைத் தீர்மானிக்கிறது. வரலாற்றில் இத்தகைய முயற்சிகள் பிழைத்த இடங்கள் பெரும்பாலும் கடவுள் இல்லாத இடங்கள் அல்ல. சில மனிதர்கள் இல்லாத இடங்கள். இதுவே கட்டுரையின் வாதம்.

ஒரு வரையறை தேவை. இங்கே 'சமயம் சாராத கையேடு' என்பது நாத்திகக் கையேட்டைக் குறிக்கவில்லை. ஆத்திகரும் நாத்திகரும் பயன்படுத்தக்கூடியதாய், தன் காரணங்களுக்கு எந்த இறைவெளிப்பாட்டையும் சாட்சிக்கு அழைக்காததாய் அமையும் நூலையே குறிக்கிறது.

2. மூன்று நிலைப்பாடுகள்

அதிகாரம் குறித்த இந்த விவாதத்தில் மூன்று நிலைப்பாடுகள் முதன்மையானவை.

முதலாவது, இத்தகைய கையேடு அடிப்படையிலேயே இயலாதது என்பது. இதன் கூர்மையான வடிவத்தைக் கத்தோலிக்கத் தத்துவ அறிஞர் எலிசபெத் ஆன்ஸ்கம் 1958இல் வெளியிட்ட கட்டுரையில் காணலாம். 'கடமை', 'செய்தே தீர வேண்டும்' என்னும் சொற்கள் சட்டம் இயற்றும் கடவுள் என்ற கருத்தின் நிழலில் வளர்ந்தவை. அக்கடவுளை விலக்கிய பின்னும் அதே சொற்களை அதே அழுத்தத்தோடு பயன்படுத்துவதில் பொருளில்லை என்றார் அவர். அதோடு அவர் நின்றுவிடவில்லை. கடவுள் நம்பிக்கை இல்லாதவர் கடமை பற்றிய பேச்சை விட்டுவிட்டு, அரிஸ்டாட்டிலைப் போல நற்பண்புகளையும் மனித இயல்பையும் ஆராயலாம் என்று வழியும் காட்டினார்.

இரண்டாவது, அடிப்படை அறம் எல்லார்க்கும் பொதுவாக ஏற்கெனவே இருக்கிறது, அதைத் தொகுத்தால் போதும் என்பது. ஃபெரியின் கடிதம் இந்த நம்பிக்கையில் எழுந்தது.

மூன்றாவது சமூகவியலாளர் எமில் துர்க்கைமுடையது. 1902-03இல் பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்தில், ஆசிரியப் பணிக்குச் செல்லவிருந்தவர்களுக்கு அவர் அறக்கல்வி குறித்து ஆற்றிய உரைகள் அவர் மறைந்த பின் 1925இல் நூலாயின. பழைய பாடத்திலிருந்து கடவுளைக் கழித்துவிட்டு மீதியை வைத்துக்கொண்டால் அறத்தின் உயிரும் சேர்ந்து கழிந்துவிடும் என்று அவர் எச்சரித்தார். புனிதம் என்ற உணர்வைச் சமயம் எந்த வேலைக்குப் பயன்படுத்தியதோ, அந்த வேலையைச் செய்யக்கூடிய பகுத்தறிவு சார்ந்த மாற்றைக் கண்டெடுக்க வேண்டும் என்றார். ஒழுங்குணர்வு, குழுவோடு பிணைப்பு, தன்னுரிமையோடு ஏற்றல் என்று அறத்துக்கு மூன்று கூறுகளை வகுத்தார். அவரைப் பொறுத்தவரை அறத்தின் அதிகாரம் சமூகத்திலிருந்து வருகிறது.

ஆன்ஸ்கம் எழுப்பியது வலுவான எதிர்ப்பு. ஆனால், நெறி ஒன்றைக் கட்டளையாக மட்டுமே புரிந்துகொண்டால்தான் அது முழுமையாகப் பொருந்தும். மனிதர் ஒருவர்க்கொருவர் காரணம் சொல்லி, கேட்டு, ஒப்பி நடப்பதிலும் ஒரு கட்டுப்பாடு பிறக்கிறது. துர்க்கைமின் விளக்கம் இதற்கு நெருங்கிவருகிறது என்றாலும், 'சமூகம்' என்று அவர் சொல்லும்போது அதற்குள் யார் யார் அடக்கம் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. அதைக் கோட்பாட்டளவில் தீர்ப்பதைவிட, நடந்த முயற்சிகளை வைத்துப் பார்ப்பது பயன்தரும்.

3. தன்னை மட்டும் கேட்டவர்: பிராங்க்ளின்

சுமார் 1730இல் ஃபிலடெல்ஃபியா நகரத்து இளம் அச்சக உரிமையாளர் பெஞ்சமின் பிராங்க்ளின் தாம் பழக வேண்டிய நற்பண்புகளுக்கு ஒரு பட்டியல் போட்டார். அளவான உணவு, பேச்சடக்கம், ஒழுங்கு, மன உறுதி, சிக்கனம், உழைப்பு, வாய்மை, நீதி, நடுநிலை, தூய்மை, அமைதி, கற்பு என்று முதலில் 12. உனக்குத் தலைக்கனம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என, குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் அன்போடு எடுத்துச் சொன்ன பிறகு பணிவு 13ஆவதாகச் சேர்ந்தது.

பட்டியலோடு ஒரு சிறு குறிப்பேடும் செய்துகொண்டார். பண்புக்கு ஒரு பக்கம். சிவப்பு மையால் கோடிட்டு, நெடுக்கில் வாரத்தின் 7 நாட்கள், கிடக்கையில் 13 பண்புகள். இரவில் அன்றைய நாளை நினைத்துப் பார்த்து, தவறிய கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. வாரத்துக்கு ஒரு பண்பில் சிறப்புக் கவனம்; 13 வாரங்களில் ஒரு சுற்று, ஆண்டுக்கு 4 சுற்று. தன்வரலாற்றில் இதை அவர் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். ஒழுங்கு என்ற பண்புதான் தம்மை மிகவும் படுத்தியது என்கிறார். பொருள்களை அதனதன் இடத்தில் வைப்பது அவருக்குக் கடைசிவரை கைவரவில்லை.

பிராங்க்ளின் கடவுள் நம்பிக்கை உடையவர். குறிப்பேட்டில் ஒரு வேண்டுதலையும் எழுதிவைத்திருந்தார். ஆனாலும் எந்தச் சபையின் தனிக்கொள்கையும் பட்டியலுக்குள் வராதபடி வேண்டுமென்றே பார்த்துக்கொண்டார். எல்லாச் சமயத்தாருக்கும் பயன்பட வேண்டும் என்பது அவர் நோக்கம். இதை விரித்து நற்பண்பின் கலை குறித்து ஒரு நூல் எழுதவும் திட்டமிட்டார். அது எழுதப்படவே இல்லை.

இந்த முறையின் சிறப்பு வெளிப்படையானது. அருவமான பண்பு அன்றாடச் செயலாகிறது. தவறு கண்ணுக்குத் தெரிகிறது. அதன் குறையை அறிய அவருடைய வீட்டையும் அச்சகத்தையும் பார்க்க வேண்டும். பட்டியலில் நீதி இருந்தது. அதே காலத்தில் அவர் அடிமைகளைச் சொந்தமாக வைத்திருந்தார். அவர் நடத்திய 'பென்சில்வேனியா கெஸட்' இதழில் அடிமை விற்பனை விளம்பரங்கள் வந்தன. நீதிக்குரிய கட்டத்தில் இதற்காகப் புள்ளி விழுந்ததாக அவர் எங்கும் சொல்லவில்லை.

அடிமைமுறை தவறு என்று அன்று யாருக்குமே தோன்றவில்லை என்றும் வாதிட முடியாது. பெஞ்சமின் லே என்னும் குவேக்கர், அடிமைகளை வைத்திருக்கும் கிறிஸ்தவர்களை நெறிபிறழ்ந்தவர்கள் எனக் கடுமையாகச் சாடி எழுதிய நூல் 1737இல் அச்சானது. அதை அச்சிட்டுக் கொடுத்தவர் பிராங்க்ளின்! கண்டனம் அவர் கையாலேயே எழுத்துக் கோக்கப்படும் தொலைவில் இருந்தது. இங்கே இன்னொன்றையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும்: அந்தக் கண்டனம் சமய ஆவேசத்திலிருந்து வந்தது. சமயம் சாராத நூல் என்பது சமயப் பற்றாளரின் குரலைக் கேளாமல் எழுதப்படும் நூலாகிவிடக் கூடாது என்பதற்கு இதுவே போதிய சான்று.

முதுமையில் பிராங்க்ளின் மாறினார். 1787இல் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பிப்ரவரியில், இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன், அடிமைமுறையை ஒழிக்கக் கோரும் மனுவில் கையொப்பமிட்டு அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்.

பட்டியல் முறையையே கேள்விக்குள்ளாக்கும் ஒரு வாதமும் உண்டு. 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் விதியையும் கோட்பாட்டையும் வேறுபடுத்துகிறார். விதி, செய்ய வேண்டிய செயலை வகுத்துச் சொல்லிவிடுகிறது. கோட்பாடு, செயலை எடைபோடும் அளவுகோலைத் தருகிறது. பொறுப்புணர்வுள்ள செயல் கோட்பாட்டிலிருந்தே வர முடியும் என்பது அவர் வாதம். பட்டியல் போட்டு அறம் சொல்லும் நூல்கள் மீதான மிகச் சிறந்த விமர்சனம் இது. எனினும் பிராங்க்ளினின் பட்டியலில் நீதி என்பது விதியாக இல்லை, கோட்பாடாகவே இருந்தது. பிறருக்குத் தீங்கிழைக்காமை, செய்ய வேண்டிய நன்மையைத் தவிர்க்காமை என்றே அதை விளக்கியிருந்தார். கோட்பாடு சரி, தேர்வு எழுதியவரும் திருத்தியவரும் ஒருவரே என்பதுதான் சிக்கல். தலைக்கனத்தைச் சொல்ல ஒரு நண்பர் இருந்தார். அநீதியைச் சொல்லக்கூடிய அடிமைக்கு அந்தக் குறிப்பேட்டில் இடமில்லை.

4. தகப்பன்மாரைக் கேட்டவர்கள்: பிரெஞ்சுப் பள்ளி

பிரான்சில் நடந்தது இதைவிடப் பெரிய அளவிலான சோதனை. காலையில் வகுப்பு தொடங்கியதும் ஆசிரியர் கரும்பலகையில் அறநெறி வாக்கியம் ஒன்றை எழுதுவார். அதை ஒட்டிச் சிறிது நேரம் பேசுவார். பிள்ளைகள் தேதியையும் அந்த வாக்கியத்தையும் ஏட்டின் தலைப்பில் எழுதிக்கொள்வார்கள். இந்த வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்து, பல தலைமுறைகளின் நினைவில் தங்கியது.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. கப்ரியேல் கொம்பெய்ரே, பால் பெர், ஜூல் ஸ்தேக், ஹென்றி கிரெவில் அம்மையார் ஆகிய நால்வரும் எழுதிய அறநெறி, குடிமைப் பாடநூல்களைக் கத்தோலிக்கத் திருச்சபை தடை செய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. 1883இல் ஊர் ஊராகப் பாடநூல் சண்டை நடந்தது. இத்தனைக்கும் 1882ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் 'கடவுளுக்குச் செய்ய வேண்டிய கடமைகள்' என்ற பகுதி இருக்கவே செய்தது. 1923இல்தான் அது நீங்கியது. சமயத்தைப் பள்ளியிலிருந்து விலக்கியவர்களும் கடவுளை ஒரே நாளில் விலக்கவில்லை.

உள்ளடக்கத்தைப் பொறுத்தவரை ஒரு நூலின் வரலாறு தெளிவு தருகிறது. அகுஸ்தீன் ஃபுயே என்ற பெண்மணி ஜி. புரூனோ என்ற புனைபெயரில் எழுதி 1877இல் வெளிவந்த 'இரு சிறுவர்களின் பிரான்சுப் பயணம்', தகப்பனை இழந்த அண்ணன் தம்பி இருவர் லொரேன் பகுதியிலிருந்து புறப்பட்டு நாடு முழுதும் சுற்றும் கதை. பள்ளிகளில் இலட்சக்கணக்கில் விற்றது. 1906இல் வந்த பதிப்பில் கடவுளையும் தேவாலயங்களையும் பற்றிய குறிப்புகள் நீக்கப்பட்டன. கதை அப்படியே ஓடியது. சிறுவர்கள் முன்போலவே உண்மை பேசினார்கள், உழைத்தார்கள், பெரியவர்களுக்குக் கைகொடுத்தார்கள். அந்த வகையில் ஃபெரியின் கணிப்பு சரிதான்: அன்றாட ஒழுக்கத்தின் பெரும்பகுதி சமயக் காரணம் சொல்லாமலே நிற்கிறது.

ஆனால், மனித இனங்களைப் படம் போட்டு விளக்கிய இதே நூல், வெள்ளை இனமே மிக நிறைவானது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. அந்த வாக்கியத்துக்கு வகுப்பில் உட்கார்ந்திருந்த எந்தத் தகப்பனும் மறுப்புச் சொல்லியிருக்கமாட்டார். ஃபெரியின் சோதனையில் அது தேறிவிடும். 1885 ஜூலை 28 அன்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் ஃபெரியே, உயர்ந்த இனங்களுக்குத் தாழ்ந்த இனங்கள் மேல் உரிமை உண்டு, அவர்களை நாகரிகப்படுத்தும் கடமையும் உண்டு என்று பேசிக் குடியேற்ற ஆட்சியை நியாயப்படுத்தினார். இரண்டு நாள் கழித்து அதே அவையின் உறுப்பினர் கிளெமான்சோ எழுந்து அதைக் கடுமையாக மறுத்தார் என்பதால், அக்கால மனிதர் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சமாதானம் சொல்லி நகர்ந்துவிட முடியாது. அல்ஜீரியாவில் உள்ளூர் மக்களுக்கென்று தனித் தண்டனைச் சட்டத்தொகுதியை 1881இல் கொண்டுவந்த குடியரசும், அறநெறிப் பாடத்தைக் கொண்டுவந்த குடியரசும் ஒன்றே.

ஃபெரியின் கற்பனை நாற்காலியில் உட்கார்ந்தவர் குடும்பத் தலைவர், அதாவது ஆண். பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற 1944 வரை காத்திருந்தார்கள். அல்ஜீரிய விவசாயியும் வியட்நாமியத் தாயும் அந்த நாற்காலியில் ஒருநாளும் அமரவில்லை. சோதனையின் வடிவம் நல்லது. நாற்காலி ஒன்றுதான் போட்டிருந்தார்கள்.

5. பலரைக் கேட்டவர்கள்: 1948

நாற்காலிகளைக் கூட்டினால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று, 1948 டிசம்பர் 10 அன்று பாரிசில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற உலக மனித உரிமைப் பிரகடனம். அது அரசுகளுக்கான ஆவணம், தனிமனித வாழ்வுக்கான கையேடு அன்று என்று சொல்லலாம். ஆயினும் சமயம் சாராத ஓர் அறநூலை வெவ்வேறு நம்பிக்கையுடையவர்கள் ஒன்றாக உட்கார்ந்து எழுதிய முயற்சிகளுள் இதைவிட நன்கு பதிவானது அரிது.

முன்தயாரிப்பாக யுனெஸ்கோ 1947இல் பல நாட்டுச் சிந்தனையாளர்களுக்கு வினாப்பட்டியல் அனுப்பியது. காந்தி சுருக்கமாகப் பதில் எழுதினார்: எழுத்தறியாத, ஆனால் அறிவு நிறைந்த தம் தாயிடம் தாம் கற்றது, கடமையைச் செய்வதிலிருந்தே உரிமை பிறக்கிறது என்பது. பதில்களின் தொகுப்புக்கு முன்னுரை எழுதிய கத்தோலிக்கத் தத்துவ அறிஞர் ழாக் மரித்தேன், ஏன் என்று கேட்காதவரை உரிமைகளின் பட்டியலில் எங்களுக்குள் உடன்பாடு உண்டு என்ற பொருள்படும் செய்தியைப் பதிவு செய்தார்.

வரைவின் முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்றும் பொருள்படக்கூடிய ஆங்கிலத் தொடர் இருந்தது. அதை 'எல்லா மனிதரும்' என்று ஐயத்துக்கிடமின்றி மாற்றவைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டவன் என்று சேர்க்கும்படி பிரேசில் கேட்டது. சீனப் பிரதிநிதி பெங் சுன் சாங், தம் நாட்டின் மரபு கிறிஸ்தவ மேற்கின் மரபிலிருந்து வேறானது, என்றாலும் அதைப் பிறர்மீது சுமத்தத் தாம் கேட்கவில்லை என்று நினைவூட்டினார். பிரேசில் திருத்தத்தை விலக்கிக்கொண்டது. சமயத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையைச் சவூதி அரேபியா எதிர்த்தபோது, பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சர் ஜஃப்ருல்லா கான் குர்ஆனை ஆதாரமாகக் காட்டி அந்த உரிமையை ஆதரித்தார். இறுதிப் பிரதியில் கடவுள் பெயரும் இல்லை, குர்ஆனும் இல்லை. அதை உருவாக்கிய விவாதத்தில் இரண்டும் இருந்தன.

48 நாடுகள் ஆதரிக்க, எதிர்ப்பின்றி, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்க, பிரகடனம் நிறைவேறியது. இனவொதுக்கலைக் கொள்கையாக்கத் தொடங்கியிருந்த தென்னாப்பிரிக்கா ஒதுங்கியவற்றுள் ஒன்று.

இங்கும் காலி நாற்காலிகள் உண்டு. அன்று ஐ.நா.வில் இருந்த ஆப்பிரிக்க நாடுகள் எகிப்து, எத்தியோப்பியா, லைபீரியா, தென்னாப்பிரிக்கா என நான்கே. கண்டத்தின் மற்ற மக்கள் குடியேற்ற ஆட்சியின்கீழ் இருந்தார்கள். மேற்கின் விழுமியங்களை உலகின் விழுமியங்களாகச் சொல்லிவிடும் ஆபத்து இருக்கிறது என்று அமெரிக்க மானிடவியல் சங்கம் 1947இலேயே எச்சரித்தது. அந்த எச்சரிக்கை நியாயமானது. அதே நேரத்தில், ஒரு சொல்லை மாற்றக் கேட்ட பெண்ணும், தன் மரபை நினைவூட்டிய சீனரும் அறையில் இருந்ததால் பிரதி மேம்பட்டது என்பதும் உண்மை. குறை, பொது நெறியைத் தேடியதில் இல்லை; தேடியவர்களின் எண்ணிக்கையில் இருந்தது.

6. குறளும் ஒரு கேள்வியும்

இந்த விவாதத்துக்குத் தமிழிலிருந்து ஒரு முக்கியமான சான்று உண்டு. திருக்குறளின் 133 அதிகாரங்களுள் முதலாவது கடவுள் வாழ்த்து. அங்கும் எந்தச் சமயக் கடவுளின் பெயரும் வெளிப்படையாக இல்லை. சமணர், சைவர், பௌத்தர், கிறிஸ்தவர் எனப் பலரும் தம் நூல் என்று உரிமை கொண்டாட இதுவே வாய்ப்பளித்தது. வீடுபேற்றுக்குத் தனிப் பால் ஒதுக்காமல் அறம், பொருள், இன்பம் என்று முப்பாலில் நிற்பதும் உலகியல் சார்ந்த வாசிப்புக்கு இடம் தருகிறது. ஆயினும் உரை என்னும் கதவு வழியே சமயநூல் உள்ளே வர முடியும். பரிமேலழகர் தம் உரைப்பாயிரத்தில் அறத்தை மனு முதலிய நூல்களின் விதிவிலக்குகளோடு இணைத்துவிடுகிறார். பொதுநூலின் பொதுமை அதை வாசிப்பவரையும் பொறுத்தது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பெரியாரின் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் வள்ளுவரையும் கற்பையும் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. மனைவியின் நடத்தை குறித்த குறள்களை எடுத்துக்கொண்டு, வள்ளுவர் பெண்ணாக இருந்திருந்தால் இப்படி எழுதியிருப்பாரா என்று அவர் கேட்கிறார். ஒப்புதலை அடிப்படையாகக் கொண்ட அறநூலிடம் கேட்கக்கூடிய மிகச் சரியான கேள்வி இது. நூல் கடவுளைச் சார்ந்திருக்கிறதா என்பதை அவர் இங்கே கேட்கவில்லை. நெறி யார்மீது விதிக்கப்படுகிறதோ அவரைக் கேட்டார்களா என்கிறார்.

இந்த விமர்சனத்தை எழுதியவரே 1949 ஜனவரியில் சென்னையில் திருக்குறள் மாநாடு கூட்டிக் குறளை மக்களிடம் கொண்டுசென்றார். சிலர் இதை முரண்பாடாகக் காண்பர். அறநூலை வேதமாகக் கொள்வோருக்கு இது முரண்பாடுதான். சமயம் சாராத கையேட்டின் வாசகருக்கோ இதுவே இயல்பான வாசிப்பு முறை. பயன்படுத்திக்கொண்டே திருத்தவும் வேண்டும்.

7. ஏட்டிலிருந்து வழக்கத்துக்கு

அனைவரையும் கேட்டு எழுதிவிட்டால் போதுமா? பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் அகுஸ்த் கோந்த்தின் முயற்சி இங்கே எச்சரிக்கை. 1849இல் 13 மாதங்கள் கொண்ட புதிய நாட்காட்டியும் 1852இல் ஒரு பெண்ணுக்கும் குருவுக்குமான உரையாடலாக அமைந்த வினாவிடை நூலும் எழுதி 'மானுடச் சமயம்' ஒன்றை அவர் நிறுவினார். ஹோமர், அரிஸ்டாட்டில், தாந்தே, ஷேக்ஸ்பியர் முதலியோர் பெயரில் மாதங்கள், 9 சடங்குகள், குருமார் அமைப்பு. கிறிஸ்தவம் இல்லாத கத்தோலிக்கம் என்று ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி இதை விமர்சித்தார். அன்பு, ஒழுங்கு, முன்னேற்றம் என்பது கோந்த்தின் முழக்கம். அதிலிருந்து ஒழுங்கும் முன்னேற்றமும் 1889இல் பிரேசில் கொடியில் ஏறின, அன்பு விடுபட்டது. கோந்த் சடங்கைப் புரிந்துகொண்டிருந்தார். ஆனால், எல்லாவற்றையும் ஒருவரே வகுத்துத் தந்ததால் திருத்தத்துக்கு இடம் வைக்கவில்லை.

வேறு வழியில் சென்றவர் ஃபீலிக்ஸ் ஆட்லர். யூதக் குருவின் மகனான இவர் 1876இல் நியூயார்க்கில் அறநெறிப் பண்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். கொள்கையில் வேறுபட்டாலும் செயலில் ஒன்றுபடலாம் என்பது அவர் நிலை. சங்கம் 1878இல் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இலவச மழலையர் பள்ளி திறந்தது; நோயாளிகளின் வீடு தேடிச் செல்லும் செவிலியரை அனுப்பியது. 1904இல் அமைந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்கு ஆட்லரே முதல் தலைவர். அறம் குறித்த அவருடைய உரைகள் இன்று அதிகம் வாசிக்கப்படவில்லை. அந்த வேலைகள் நிலைத்தன.

நார்வேயில் 1951 முதல், தேவாலயத்தின் உறுதிப்பூசுதலுக்கு மாற்றாக, 15 வயதை எட்டும் பிள்ளைகளுக்குச் சமயம் சாராத ஒரு நிகழ்வு நடக்கிறது. 1956இல் நிறுவப்பட்ட மனிதநேய அமைப்பு இதை முன்னெடுக்கிறது. விழாவுக்கு முன் பல வாரங்கள் வகுப்பு. அறச்சிக்கல்கள், மனித உரிமை, தன்னாய்வு குறித்த விவாதங்கள். இன்று ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் இதில் கலந்துகொள்கிறார்கள்.

தமிழ்நாட்டின் சுயமரியாதைத் திருமணமும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கது. புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் உற்றார் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவிக்கும் இத்திருமணத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 1950களில் செல்லாது என்றது. அண்ணாவின் அரசு கொண்டுவந்த 1967ஆம் ஆண்டுத் திருத்தம், இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து அதைச் செல்லுபடியாக்கியது. மணமக்கள் இருவருக்கும் புரியும் மொழியில் ஒப்புதல் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும், மோதிரம் அணிவித்தாலும், தாலி கட்டினாலும் போதும். யாரைப் பற்றிய சடங்கோ அவர்களிடமிருந்தே ஒப்புதல் வர வேண்டும் என்ற அறக்கொள்கை இங்கே சட்டமாகவும் குடும்ப வழக்கமாகவும் ஆயிற்று.

8. தொகுப்பும் முடிவும்

இந்தச் சான்றுகளிலிருந்து மூன்று முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவது, உள்ளடக்கத்தைத் திரட்டுவது கடினமான வேலை அன்று. பொய்யாமை, தீங்கிழையாமை, நேர்மையான உழைப்பு, எளியோர்க்கு உதவி ஆகியவற்றில் பிராங்க்ளினின் பட்டியலும் பிரெஞ்சுப் பாடநூலும் குறளும் பெரிதும் ஒன்றுபடுகின்றன. கடவுளை எடுத்துவிட்டால் இவை சரிந்துவிடும் என்ற அச்சத்தை 1906ஆம் ஆண்டுப் பதிப்பு பொய்யாக்குகிறது.

இரண்டாவது, வலுவான சொல்லுக்குப் பின்னும் பெரிய அநீதி மறைந்திருக்க முடியும். அடிமை, குடியேற்ற நாட்டவர், பெண் என்று ஒவ்வொரு முறையும் அது மறைந்திருந்த இடம், கேட்கப்படாதவரின் இடமே. ஆகவே எழுதுபவரின் நல்லெண்ணத்தை நம்பியிருக்காமல், கேட்கும் முறையையே கையேட்டின் பகுதியாக்க வேண்டும். வீட்டு வேலைக்கு வருபவரை எப்படி நடத்துவது என்று ஓர் அத்தியாயம் இருந்தால், அதை முதலில் வாசித்துத் திருத்த வேண்டியவர் வீட்டு வேலை செய்பவர். தூய்மை பற்றிய பாடத்தைத் தூய்மைப் பணியாளரிடம் காட்டாமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது.

மூன்றாவது, திருத்தத்துக்கு நாள் குறிக்க வேண்டும். 1952 ஆகஸ்டில் ஆம்ஸ்டர்டாமில் கூடிய பன்னாட்டு மனிதநேய மாநாடு ஒரு பிரகடனம் வெளியிட்டது. அந்தப் பிரகடனம் 2002இலும் 2022இலும் புதிதாக எழுதப்பட்டது. வேதத்துக்கு இந்த வசதி இல்லை, கையேட்டுக்கு உண்டு. இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை என்பதுகூட நீண்ட இடைவெளிதான்.

தீராத சிக்கல் ஒன்று எஞ்சுகிறது. குழந்தைகள், இனிமேல் பிறக்கவிருப்பவர்கள், விலங்குகள் ஆகியோரை நாற்காலியில் அமர்த்தி ஒப்புதல் கேட்க வழியில்லை. நிலத்தடி நீரை உறிஞ்சித் தீர்க்கும் தலைமுறை, அந்த நீரின் வருங்கால உரிமையாளரிடம் சம்மதம் வாங்க முடியாது. அவர்களுக்காகப் பேசுவோரை நியமிப்பதா, அவர்களைப் பாதிக்கும் நெறிகளுக்குக் கூடுதல் தடைகள் வைப்பதா என்பதை ஒப்புதல் என்ற கருத்து மட்டும் தீர்த்துவைக்காது. அந்த இடத்தில் ஆன்ஸ்கம் சுட்டிய நற்பண்பு ஆய்வும், காந்தி நினைவூட்டிய கடமை மரபும், சமயங்கள் வளர்த்த உயிரிரக்கமும் மறுபடி விவாதத்துக்கு வர வேண்டியிருக்கும். இனி எழுதப்படும் கையேடு தன் பக்கங்களில் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்கு ஒதுக்குவது நல்லது.